கடலுக்கடியில் ஒரு மேய்ச்சல் நிலம்

கடலுக்கடியில் புல் முளைக்குமா? முளைக்கும். பூத்து, காய்த்து, விதையும் போடும்! பலரும் இதைப் பாசி என்று நினைத்துவிடுகிறார்கள். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. கடற்புல்லுக்கு வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உண்டு. வெயில் எட்டும் ஆழமும் கலங்காத தண்ணீரும் இருந்தால்தான் அது வளரும்.

புதுச்சேரி போல அலை ஓயாத கரையில் அது நிலைப்பது கடினம். தெற்கே ஆழம் குறைந்த பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் அதற்கு ஏற்ற இடங்கள். பத்துக்கும் மேற்பட்ட வகைகள் அங்கே உள்ளன. அந்தப் புல்வெளியில்தான் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. ஓரா மீன் மேய்கிறது. ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கு அதுவே உணவு. ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் தின்னும்!

1930களில் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் ஒரு நோய் வந்து கடற்புல் பெருமளவில் அழிந்தது. அதை நம்பியிருந்த ஒரு சிறு நத்தை இனமே இல்லாமல் போனது. அங்கே அழித்தது நோய். இங்கே?

1960களில் பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் பெருகின. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. இழுவை மடி கடல் தரையை உரசிக்கொண்டே போகும். புல் வேரோடு பிடுங்கப்படும், சேறு கலங்கும், மிஞ்சிய புல்லுக்கும் வெயில் எட்டாது. கரையிலிருந்து வரும் கழிவுநீர் வேறு...

நாட்டுப்படகு மீனவர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் தகராறு முற்றியது. தமிழக அரசு 1983ல் கொண்டுவந்த சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிப்பதைத் தடுத்தது. ஆனால் குறுகிய கடலில் அத்தனை படகுக்கும் இடம் எங்கே? 1974ல் வகுக்கப்பட்ட எல்லையைத் தாண்டினார்கள். போர் 2009ல் முடிந்து கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாண, மன்னார் மீனவர்களின் வலைகள் அறுந்தன. அவர்களும் தமிழர்களே! இலங்கை 2017ல் இழுவை மடியையே தடை செய்தது.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கி.மீ. பரப்பு இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அழிந்த இடங்களில் மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, புல் நாற்றுகளைப் பொருத்திக் கடலடியில் நடும் முயற்சியும் நடக்கிறது. ஆனால் நட்ட இடத்தில் மறுபடி மடி இழுத்தால் எல்லாம் வீண்.

வணிகத்தில் ஒரு பாலபாடம் உண்டு: வட்டியைச் செலவழிக்கலாம், முதலில் கை வைக்கக் கூடாது. மீன் வட்டி, புல்தான் முதல். முதலே கரைந்துவிட்டால் அடுத்த தலைமுறை மீனவன் எதைப் பிடிப்பான்?