எந்தக் கொடியின் கீழ்?

பனிக்கட்டித் தளத்திலே, கூரிய அலகு பொருத்திய சப்பாத்தணிந்து, இசைக்கேற்பச் சுழன்றும் துள்ளியும் ஆடுகின்ற சறுக்கு நடனம் எங்கள் மண்ணுக்கு அந்நியமானது. பனைமர நிழலிலே வளர்ந்த எமக்குப் பனிக்கட்டி என்றதும் சர்பத் கடைதான் நினைவுக்கு வரும். ஆயினும், அந்தக் கலைஞர்களின் கதையிலே எம்மவரின் கதையும் ஒருவாறு தெரிகின்றது. ஆடுவதற்குக் களமும் பொருளும் தேடி நாடு மாறியவர்கள் அவர்களுள்ளே பலர்.

அல்யோனா சவ்சென்கோ உக்ரேனிலே பிறந்தவர். 2003 இல் ஜேர்மனி சென்றார். அந்நாட்டுக்காக ரொபின் சொல்கோவியுடன் இணைந்து 2010, 2014 ஆகிய இரு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளிலும் வெண்கலம் பெற்றார். அதன்பின் பிரான்சிலிருந்து வந்த புருனோ மசோ அவருக்கு இணையானார். மசோ ஜேர்மன் மொழித் தேர்விலே தேறி, 2017 இன் இறுதியிலேதான் குடியுரிமை பெற்றார். சில மாதங்களில், 2018 பெப்ரவரியில், தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கிலே இருவரும் தங்கம் வென்றனர். காலால் ஆடுபவன் நாவாலும் தேறினாலே அரங்கேறலாம் என்ற செய்தி, தமிழாசிரியனாகிய எனக்குச் சுவையாக இருந்தது.

யப்பானிய மங்கையான யூகோ கவாகுச்சியின் கதை சற்றுக் கசப்பானது. தமரா மொஸ்க்வினா என்னும் ரஷ்ய ஆசிரியையிடம் பயிலவேண்டுமென்ற வேட்கை அவரை அந்நாட்டுக்குக் கொண்டு சென்றது. யப்பான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எனவே பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறந்தே 2010 ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்காக ஆடினார். கிடைத்தது நான்காம் இடம். ஒரு நாட்டையே விலையாகக் கொடுத்தவர் பதக்கமின்றித் திரும்பினார்.

இவர்கள் ஏன் மாறுகின்றனர்? தளம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், உடைக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டும். இணை நடனமாயின் தக்க துணையும் வேண்டும். உலகப் போட்டியிலே ஒரு நாடு ஒரு பிரிவில் மூன்று இடங்களுக்கு மேல் பெற முடியாது. ஆகவே வல்லமை மிக்க நாட்டிலே நான்காவதாக நிற்பவனுக்குக் கதவு அடைபட்டுவிடுகின்றது. வறிய நாட்டிலோ கதவு திறந்திருக்கும். உள்ளே தளம் இருக்காது. மாறுவதும் எளிதன்று. பழைய சங்கத்தின் இசைவு வேண்டும். ஒலிம்பிக் சாசனத்தின்படி, சங்கங்கள் இணங்கி விலக்களித்தாலன்றி, நாடு மாறியவர் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். ஓர் ஆட்டக்காரரின் இளமையிலே மூன்றாண்டு என்பது சிறிய காலமா, நேயர்களே?

இது புதுமையன்று என்பதை எங்கள் சங்க இலக்கியம் காட்டும். புலவர் ஓர் அரசவையிலே மதிப்பில்லையெனக் கண்டால் வேறு அரசவை நாடினர். பரிசில் தரக் காலம் நீட்டித்த அதியமானின் வாயிலிலே நின்று, வாயிற்காவலனை விளித்துப் பாடிவிட்டுப் புறப்பட்டவர் ஔவையார். இளவெளிமான் சிறிதே கொடுத்தான் என்று அதனைக் கொள்ளாது நீங்கிய பெருஞ்சித்திரனார், குமணனிடம் யானை பெற்று வந்து, இளவெளிமானின் காவல் மரத்திலேயே அதனைக் கட்டிவிட்டுச் சென்றார். வகுப்பிலே இவற்றைக் கற்பிக்கும்போது, "இது நன்றி மறத்தல் ஆகாதா, சேர்?" என்று மாணவர் கேட்பதுண்டு. "புலமையை மதியாதவனுக்கு நன்றி என்ன கடன்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆனால் அதே நூலிலே பிசிராந்தையாரும் இருக்கிறார். பாண்டி நாட்டிலே வாழ்ந்தவர். உயிரை ஈந்ததோ சோழனுக்கு. வாழும் நாடு ஒன்றாகவும் உள்ளம் சேர்ந்த இடம் வேறொன்றாகவும் இருக்கலாம் என்பதற்கு அவரே சான்று.

எங்கள் தீவின் துடுப்பாட்ட வரலாறும் இத்தகையதே. இலங்கைக்கு ரெஸ்ற் தகுதி கிட்டியது 1981 இல். முதல் ரெஸ்ற் ஆட்டம் 1982 பெப்ரவரியில். அதற்கு முந்திய தலைமுறையிலே பிறந்த வல்லவர்கள் என் செய்வர்? கமினி குணசேன நொற்றிங்ஹாம்ஷயர் அணிக்கும், ஸ்டான்லி ஜயசிங்கவும் கிளைவ் இன்மனும் லெஸ்ரர்ஷயர் அணிக்கும் ஆடச் சென்றனர். 1948 இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பிலே ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் தமிழரான மகாதேவா சதாசிவம். முந்திய ஆண்டு சென்னையிலே தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர் அவர். பின்னாளில் வாழ்க்கை அவரைக் கடல் கடத்தியது. சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் அவரே தலைவரானார். கொழும்பிலே பிறந்த டேவ் வட்மோர் சிறுவயதிலே குடும்பத்தோடு அவுஸ்திரேலியா சென்று, 1979 இல் அந்நாட்டுக்காக ரெஸ்ற் ஆடினார். அவரே 1996 இல் இலங்கை அணியின் பயிற்றுநராக நின்று, இறுதியாட்டத்தில் அதே அவுஸ்திரேலியாவை வென்று உலகக்கிண்ணம் பெற வழிகாட்டினார். போனவர் யாவரும் போய்விட்டவர் அல்லர்.

இனி, எங்கள் குடாநாட்டுக்கு வருவோம். பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ். மத்திய கல்லூரியின் மாணவர். உயரம் பாய்தலிலே 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும், 1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் இலங்கைக்காகப் பங்குபற்றினார். பின்னர் அமெரிக்காவிலே லொஸ் ஏஞ்செல்ஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே பயின்றார். உலகிலே ஏழடி உயரத்தை முதன்முதல் தாண்டிய சார்ள்ஸ் டூமாஸ் அச்சாதனையை 1956 இல் நிலைநாட்டியதும் அதே நகரத்திலேதான். பயிற்சி அங்கே, கொடி இங்கே. இவ்வாறுதான் எதிர்வீரசிங்கம் தம் வாழ்வை வகுத்துக்கொண்டார்.

1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழா மே 24 இல் தொடங்கி யூன் 1 இல் நிறைவுற்றது. அங்கே 2.03 மீற்றர், அதாவது ஆறடி எட்டு அங்குலம் தாண்டி, ஆசிய விளையாட்டிலே இலங்கைக்கு முதலாவது தங்கத்தைப் பெற்றுக் கொடுத்தார். அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அதே வாரத்திலே இத்தீவிலே தமிழர் வீடுகள் எரிந்தன, தமிழர் வெட்டப்பட்டனர், மே 27 இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. இங்கே ஓர் இனம் அடிபட்டுக்கொண்டிருக்க, அந்த இனத்தின் பிள்ளையொருவன் இந்த நாட்டின் கொடியை உயர்த்தினான். கொடி மாறுவதற்கு அதைவிட நியாயமான காரணம் யாருக்கு வாய்த்தது? ஆயினும் அவர் மாறவில்லை. 1962 இல் ஜகார்த்தாவிலே அதே கொடிக்காக வெள்ளியும் வென்றார். வாழ்நாளின் பெரும்பகுதியை வெளிநாடுகளிலே கழித்தாலும், வடக்கு கிழக்குப் பிள்ளைகளின் கல்விக்கும் விளையாட்டுக்கும் உழைத்து, 2024 ஏப்ரலிலே மறைந்தார்.

அவரைப் போற்றுவதற்காக மாறியவரைத் தூற்றவேண்டியதில்லை. எதிர்வீரசிங்கம் மாறாதிருந்தது அவரின் பெருமை. அந்தப் பெருமையிலே அன்றைய அரசுக்குப் பங்கில்லை. புன்னாலைக்கட்டுவனிலே வளர்ந்த வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் அவுஸ்திரேலியக் கழகங்களிலே ஆடியபடியே இலங்கைச் சீருடையையும் அணிந்தார். 2018 இலும் 2022 இலும் இலங்கை ஆசியக் கிண்ணம் பெறத் துணைநின்றார். அதுவும் ஒரு வழி. பாரிசிலோ ரொறன்ரோவிலோ பிறந்த எங்கள் பேரப்பிள்ளை வேறொரு கொடியின் கீழ் ஓடுவதும் ஒரு வழியே.

திறமை விதை போன்றது; மண் கிடைத்த இடத்திலே முளைக்கும். விதை பறந்துபோயிற்றே என்று வருந்துகின்ற தோட்டக்காரன், முதலிலே தன் கிணற்றையும் வரப்பையும் பார்க்கவேண்டும். எங்கள் ஊர்ப் பாடசாலைகள் பலவற்றிலே ஓடுபாதை மழைக்குச் சேறாகவும் வெயிலுக்குப் புழுதியாகவும் கிடக்கின்றது. வெறுங்காலோடு அதிலே ஓடும் பிள்ளைக்கு ஒரு சோடி சப்பாத்தும், ஒருவேளை நல்ல உணவும், அருகிலே நின்று நேரம் குறிக்க ஒரு பயிற்றுநரும் வேண்டும். இவற்றைக் கொடுத்த பின்னர், எந்தக் கொடியின் கீழ் ஓடுவாய் என்று அப்பிள்ளையைக் கேட்போம். கொடாமல் கேட்பதற்கு எமக்கு வாயில்லை.