தரையில் விரித்த சொல்

ரயில் விபத்துச் செய்தி எழுதும் ஆங்கில நாளிதழ்களில், தண்டவாளத்தை ஒட்டிப் பைகளும் செருப்புகளும் இறைந்து கிடந்ததைச் சொல்ல அடிக்கடி வருகிற சொல் ‘ஸ்ட்ரூன்’. விமானம் நொறுங்கினாலும் அதுதான், புயல் அடித்து ஓய்ந்த கடற்கரைக்கும் அதுதான். இப்படியே படித்துப் பழகியதில் ‘ஸ்ட்ரூ’ என்ற வினைக்கு அலங்கோலமாகச் சிதறடித்தல் என்பதே முதற்பொருள் என்று நமக்குப் பதிந்துவிட்டது. சொல் பிறந்த வீட்டுக்குப் போனால் கதை வேறு. அங்கே படுக்கை விரிக்கிறார்கள், சாலை போடுகிறார்கள், வேள்விக்குப் புல் பரப்புகிறார்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்கிற காரியங்கள்.

பழைய ஆங்கிலத்தில் இது ஏறக்குறைய ‘ஸ்ட்ரெவியன்’. ஜெர்மனில் ‘ஷ்ட்ராயன்’, டச்சில் ‘ஸ்ட்ரோயன்’. பேக்கரியில் கேக்கின் மேல் தூவியிருக்கும் மாவும் வெண்ணெயும் சேர்ந்த பொடி உருண்டைகளுக்கு ‘ஷ்ட்ராய்சல்’ என்று பெயர். தூவப்பட்டது என்பதுதான் அதன் பொருள். வைக்கோலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்ட்ரா’வும் இந்த வினையின் உடன்பிறப்பே. செடியின் சாயலை வைத்து அந்தப் பெயர் வரவில்லை, செய்த வேலையை வைத்து வந்தது. தரையில் எதை விரிக்கிறோமோ அது ஸ்ட்ரா. இளநீர்க் கடையில் நாம் கேட்டு வாங்குகிற ஸ்ட்ராவும் அதே பெயர்தான். 1888இல் அமெரிக்காவில் மார்வின் ஸ்டோன் காகிதக் குழலுக்குக் காப்புரிமை பெறும்வரை நிஜமான தாள்தட்டையைத்தான் உறிஞ்சுகுழலாக வைத்திருந்தார்கள்.

இடைக்கால இங்கிலாந்தில் வீட்டுத் தரை பெரும்பாலும் களிமண். அதன்மேல் கோரையைப் பரப்புவார்கள். பழைய கோரையை முழுக்க அள்ளாமல் மேலேயே புதியதைப் போடும் வழக்கமும் இருந்தது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் ஒரு கடிதத்தில் இதைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறார்: அடியில் கிடக்கும் கோரை சில வீடுகளில் 20 ஆண்டுகள்வரை அப்படியே இருக்குமாம்; சிந்திய பீரும் மீன்முள்ளும் அதற்குள் ஊறிக் கிடக்குமாம். நாற்றத்துக்கு மாற்றாக மணச்செடிகளையும் சேர்த்துத் தூவினார்கள். தாமஸ் டஸ்ஸர் 1573இல் விரிவாக்கி வெளியிட்ட வேளாண்மை நூலில், தரையில் தூவ உகந்த செடிகளுக்கென்றே தனிப் பட்டியல் இருக்கிறது. லாவெண்டர், ரோஜா, புதினா வகைகளோடு நம் திருநீற்றுப்பச்சிலையும் அதில் உண்டு.

அரண்மனையில் இது ஒரு பதவியாகவே இருந்தது. இரண்டாம் சார்லஸ் 1660இல் அரியணைக்குத் திரும்பியபோது பிரிஜெட் ரம்னி என்ற பெண்மணி அரச மாளிகையில் மணச்செடி தூவும் பணியில் அமர்ந்தார். 1821இல் நான்காம் ஜார்ஜின் முடிசூட்டு ஊர்வலத்திலும் ஆன் ஃபெலோஸ் என்பவர் ஆறு இளம்பெண்களோடு பூத்தூவியபடி முன்னால் நடந்தார். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் அடக்கமாகியிருக்கும் கிராஸ்மியர் ஊர்த் தேவாலயத்துக்கு ஆண்டுதோறும் கோரை ஏந்திப் போகும் விழா இன்றும் நடக்கிறது. தரையில் இப்போது மண் இல்லை, ஆனாலும் கோரை வருகிறது. இந்த வினைக்கு உயிருள்ள விளக்கவுரை வேண்டுமென்றால் அந்த ஊர்வலத்தைத்தான் காட்டுவேன்.

எழுத்துக்கூட்டல் நெடுங்காலம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ‘ஸ்ட்ரோ’ என்றும் எழுதினார்கள், ‘ஸ்ட்ரா’ என்றும் எழுதினார்கள். 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளில், குருத்தோலை ஞாயிறன்று நினைவுகூரப்படும் அந்த எருசலேம் பயணத்தில், மக்கள் மரக்கிளைகளை வெட்டி வழியில் பரப்பும் இடத்தில் வருவது வைக்கோலின் எழுத்துக்கூட்டலேதான்.

இனி உறவுமுறை. லத்தீனில் விரித்தலைக் குறிக்கும் ‘ஸ்டெர்னெரே’ இதே வேரில் கிளைத்தது. விரிக்கப்பட்டது ‘ஸ்ட்ராட்டம்’. மண்ணடுக்குகளைக் குறிக்க நிலவியலார் அதை எடுத்துக்கொண்டார்கள். 1815இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்ட வில்லியம் ஸ்மித்துக்கு ‘ஸ்ட்ராட்டா ஸ்மித்’ என்றே பட்டப்பெயர். சாஷ்டாங்கமாக விழுந்து கிடப்பதைச் சொல்லும் ‘ப்ராஸ்ட்ரேட்’டும் இந்தக் குடும்பம். ரோமானியர் கல் பரப்பிப் போட்ட பாதை ‘வியா ஸ்ட்ராட்டா’. ஆங்கிலோ-சாக்சன்கள் கடல் கடந்து பிரிட்டனில் குடியேறுவதற்கு முன்பே இந்தச் சொல்லைக் கடன் வாங்கிவிட்டார்கள் என்று கருதப்படுகிறது. ‘ஸ்ட்ரீட்’ அப்படி வந்தது.

இந்த இடத்தில் ‘தெருதான் ஸ்ட்ரீட் ஆயிற்று’ என்று நம்மவர் சிலர் சொல்வதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒலி ஒத்துப்போவது உறவுக்குச் சான்றாகாது. ஸ்ட்ரீட்டின் ஒவ்வொரு படியும் ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. எந்தப் படியிலும் தெரு இல்லை. தெருவுக்கு மலையாளத்திலும் தெலுங்கிலும் ‘தெருவு’ என்று சொந்த உறவுகள் இருக்கின்றன. தனக்கென்று நல்ல குடும்பம் உள்ள சொல்லை ஏன் அயல்வீட்டில் தத்துக்கொடுக்க வேண்டும்? இதே எச்சரிக்கை ஆங்கிலத்தார்க்கும் தேவைப்பட்டது. நட்சத்திரத்தைக் குறிக்கும் ‘ஸ்டார்’, வானில் தூவப்பட்டது என்ற பொருளில் இந்த வேரிலிருந்தே வந்தது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். கவர்ச்சியான விளக்கம்தான். ஆனால் கிரேக்கத்தின் ‘அஸ்தேர்’, ஹிட்டைட்டின் ‘ஹஸ்தெர்’ ஆகிய வடிவங்களின் முதலொலியைப் பார்த்தால் அது வேறு வேர் என்று தெரிகிறது.

மெய்யான தமிழ்த் தொடர்பு வடமொழி வழியாக வருகிறது. ‘ஸ்த்ரு’ என்ற வடமொழி வேர் ஸ்ட்ரூவின் நேர் உறவு. ரிக்வேதத்தில் தேவர்கள் வந்து அமர வேள்விக்களத்தில் புல் பரப்புவதற்கு வருகிற வினை அதுவே. ஹோமத்தில் அக்கினியைச் சுற்றி நாலு பக்கமும் தர்ப்பை பரப்புவதைப் ‘பரிஸ்தரணம்’ என்பார்கள். தமிழில் நாம் வழங்கும் விஸ்தாரம், விஸ்தீரணம், கடை விஸ்தரிப்பு எல்லாம் இதே வேரின் பிள்ளைகள். கிராஸ்மியர்க் கோரையும் ஹோமகுண்டத்துத் தர்ப்பையும் ஒரே வினையால் சொல்லப்படுகின்றன என்பதை முதலில் அறிகிற எவருக்கும் மொழிநூல்மேல் காதல் வந்துவிடும்.

அப்படியானால் சிதறலுக்கு உரிய வினை எது? ‘ஸ்கேட்டர்’. பீட்டர்பரோ மடத்து வரலாற்றுக் குறிப்பில், ஸ்டீபன் மன்னன் கையில் கிடைத்த கருவூலத்தை மதியில்லாமல் வாரி இறைத்ததைச் சொல்லும் இடத்தில் அது 12ஆம் நூற்றாண்டிலேயே தலைகாட்டுகிறது. தடியடி நடந்தால் கூட்டம் தானே ஸ்கேட்டர் ஆகும்; தானே ஸ்ட்ரூ ஆகாது. ஸ்ட்ரூவுக்கு ஒரு தளம் வேண்டும், மேசையோ பாதையோ கல்லறையோ. அதன்மேல் ஒன்று கிடந்தாக வேண்டும். விபத்துச் செய்திகளில் அந்தச் சொல் இவ்வளவு பொருந்துவதும் இதனால்தான்: வாசகர் கண் பொருள்கள் பறந்ததில் நிற்பதில்லை, அவை கிடக்கும் தரையில் நிற்கிறது. இன்று வினையின் மற்ற வடிவங்கள் அருகி, முடிந்த நிலையைச் சொல்லும் ‘ஸ்ட்ரூன்’ மட்டும் ஓங்கி நிற்பதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

விண்கல் ஆய்வாளர்களிடம் ‘ஸ்ட்ரூன் ஃபீல்டு’ என்ற கலைச்சொல் உண்டு. வானில் வெடித்த விண்கல்லின் துண்டுகள் வந்து விழுந்த நிலப்பரப்பு அது. அது பெரும்பாலும் நீள்வட்டமாக அமையும். சிறு துண்டுகள் காற்றின் தடையில் வேகம் இழந்து முன்னதாகவே விழுந்துவிடும். கனத்தவை வந்த திசையிலேயே மேலும் தொலைவு போய் விழும். அந்த வரிசையை வைத்துத்தான் பெரிய துண்டை எங்கே தேடுவது என்று முடிவுசெய்கிறார்கள்.