திருத்தங்கல் சமையலும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும்

உடலின் எதிர்ப்புச் சக்தியே எதிரியாகி, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையை அரிக்கும் நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பலருக்குச் சில வாரங்களில் தணிந்து மறுபடியும் தலைகாட்டும். பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ 1868இல் இதைத் தனி நோயாக வரையறுத்தார். வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மிகுதி, நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைவு என்ற கணக்கு 20ஆம் நூற்றாண்டில் உருவானது. சிவகாசியை அடுத்து, ஏறக்குறைய ஒன்பதரை டிகிரி வட அட்சத்தில் இருக்கும் திருத்தங்கல் வட்டாரம் அந்தக் கணக்கில் நோய் அரிதான பகுதி.

இந்த வேறுபாட்டுக்கு உணவைக் காரணம் காட்டியவர்களில் முதன்மையானவர் நரம்பியல் மருத்துவர் ராய் ஸ்வாங்க். 1952இல் அவரும் நார்வே மருத்துவர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, பாலும் வெண்ணெயும் உண்ட நார்வேயின் உட்பகுதி விவசாயிகளிடம் நோய் அதிகம், மீன் உண்ட கடலோர மக்களிடம் குறைவு. விலங்குக் கொழுப்பே குற்றவாளி என்று முடிவுகட்டிய ஸ்வாங்க், கொழுப்பைக் கடுமையாகக் குறைத்த உணவை நோயாளிகளுக்கு விதித்தார். 34 ஆண்டுகள் தொடர்ந்த 144 நோயாளிகளின் கதையை 1990இல் வெளியிட்டார். அந்த உணவை உண்ணாத ஒப்பீட்டுக் குழு ஒன்றை அவர் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஆய்வின் பெரிய ஓட்டை அதுதான்.

ஸ்வாங்கின் கண்ணோடு பார்த்தால் திருத்தங்கலின் பழைய சமையல் உத்தமமானது. மானாவாரிக் கரிசலில் விளைந்தவை கம்பு, சோளம், குதிரைவாலி. கூழும் மோரும் அன்றாடம். அரிசிச் சோறு வசதியைப் பொறுத்தது. எண்ணெய் என்றால் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். விருதுநகர்ச் சந்தை எண்ணெய்க்கும் பருப்புக்கும் வற்றலுக்கும் பேர்போனது. ஆகவே கம்பங்கூழ்தான் நரம்பைக் காத்தது என்று சொல்ல ஆசை வரலாம். ஆதாரம் இல்லை.

உணவு நரம்பைக் காப்பது ஐயமின்றி நிறுவப்பட்ட நோய் வேறு: பெரிபெரி. தீட்டிய பச்சரிசியே கதி என்றிருந்தவர்களுக்கு தயமின் என்ற வைட்டமின் குறைந்து நரம்பு தளர்ந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி உண்ட தமிழகம் பெரும்பாலும் தப்பியது. குன்னூர் ஆய்வுக்கூடத்தில் மெக்காரிசனும் அவருக்குப் பின் அய்க்ராய்டும் அரிசியையும் பெரிபெரியையும் ஆராய்ந்தார்கள். சத்தைக் கொடுத்தால் நோய் விலகும், எடுத்தால் வரும் என்ற அந்த உறுதி ஸ்வாங்கின் கொள்கைக்குக் கிடைக்கவே இல்லை.

இந்தியாவிலிருந்தே ஒரு மறுப்பும் வந்தது. மும்பைப் பார்சிகளிடம் இந்த நோய் மற்ற இந்தியர்களைவிடத் தெளிவாக அதிகம் என்று நரம்பியல் மருத்துவர் வாடியாவும் பாட்டியாவும் 1990இல் காட்டினார்கள். ஒரே ஊர், ஒரே வெயில். பார்சிகளின் சாப்பாடு வேறுதான் என்றாலும், தங்களுக்குள்ளேயே மணந்துவந்த சமூகம் என்பதால் மரபணுவைத் தள்ளிவிட முடியவில்லை. ‘அரிது’ என்ற முத்திரையும் ஓரளவு கருவி இல்லாத காலத்தின் விளைவு. எம்.ஆர்.ஐ. பரவியபின் இந்தியாவில் கண்டறியப்படுவோர் கூடியிருக்கிறார்கள்.

நார்வே வரைபடத்தை வேறுவிதமாகப் படித்தவர் ஆய்வாளர் கோல்ட்பர்க். வெயிலாலும் மீனாலும் கிடைக்கும் வைட்டமின் டி கடலோரத்தைக் காத்திருக்கலாம் என்றார், 1974இல். ரத்தத்தில் வைட்டமின் டி மிகுந்தவர்களுக்கு ஆபத்து குறைவு என்று அமெரிக்கப் படையினரிடம் செய்த ஆய்வு 2006இல் சொன்னது. வெயில் கொளுத்தும் நாட்டுக்கு வைட்டமின் டி குறைவு வராது என்பதும் தப்பு. திருப்பதி வட்டாரத்தில் கிராமத்தாரிடமே வைட்டமின் டி பற்றாக்குறையைக் கண்டார்கள். கால்சியம் குறைந்து, தானியங்களிலுள்ள ஃபைட்டேட் என்ற வேதிப்பொருள் மிகுந்த உணவு அதைக் கூட்டுவதாக விளக்கினார்கள். 1923க்குப் பின் சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் பெருகியபோது, புஞ்சையில் வெயில் காய்ந்த கைகள் பல கூரைக்கடியில் பெட்டி ஒட்டப் போயின. அந்த மாற்றத்தை இந்த நோயோடு முடிச்சுப் போட எந்த ஆய்வும் இடம் தரவில்லை.

உணவுக்கு வெளியேயும் ஒரு தடயம் கிடைத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பதிவுகளை அலசி 2022இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டீன்–பார் வைரஸ் தொற்றுக்குப் பின் இந்த நோயின் ஆபத்து ஏறக்குறைய 32 மடங்கு உயர்வதைக் காட்டியது. அந்த வைரஸ் உலகில் பெரும்பாலோரைத் தொற்றுவது; நோய் வருவது சிலருக்கே. அந்தச் சிலரில் ஆபத்தைக் கூட்டுவனவாக மரபணு, புகைபிடித்தல், வைட்டமின் டி குறைவு, இளம் பருவ உடல்பருமன் ஆகியவை நிற்கின்றன. உணவின் பங்கு தெரிந்தவரை பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டின் வழியாக வருகிறது. நோய் வந்தபின் மருந்தின் இடத்தை எந்தப் பத்தியமும் பிடித்ததாக நிறுவப்படவில்லை.