குதிகாலும் 40 போக்ஸ் கம்பியும்

கொஞ்சம் நீளமான த்ரெட். சைக்கிளில் நாம மாட்டின சாமான்களோட கதை. டெல்டாவில் எது நிலைச்சது, எது கழண்டு விழுந்தது, இதுக்கும் காஷுவாலிட்டிக்கும் என்ன சம்பந்தம்னு கடைசியில் வரும்.

தஞ்சாவூர்ப் பக்கம் ‘பெரிய சைக்கிள்’னு சொல்வோமே, 28 இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக், நடுவில் பார். அது முழுக்க இங்கிலாந்து வடிவம். முதலில் கப்பலில் வந்தது. 1949ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து சென்னையில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கினாங்க. அம்பத்தூர் ஃபேக்டரியில் இருந்து ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ். வடக்கே அட்லஸ், ஹீரோ. பேர் எதுவானாலும் வண்டி ஒண்ணுதான். அதை வரைஞ்சவன் மனசில் இருந்தது ஒரு வளர்ந்த ஆண், தனியா, நல்ல ரோட்டில், வேலைக்குப் போறது.

நம்ம ஊரில் அது அப்படி ஒருநாளும் ஓடலை.

இங்கே சைக்கிள் பாதி வண்டி, பாதி மாட்டு வண்டி. நெல் மூட்டை, புல்லுக்கட்டு, வாழையிலைக் கட்டு, பால் கேன், கும்பகோணம் வெற்றிலை, நாகப்பட்டினத்தில் இருந்து உள்ளூருக்கு வரும் மீன் கூடை, எல்லாம் கேரியரில்தான். அதனால கேரியர் கேள்வியே இல்லாம ஜெயிச்சது. கூடவே ஸ்டாண்டும். பின் சக்கரத்தை ரெண்டு பக்கமும் தூக்கிப் பிடிக்கிற ஸ்டாண்டு இல்லேன்னா, வாய்க்கால் கரையில் ஒத்தை ஆளா மூட்டை ஏத்த முடியாது. சைடு ஸ்டாண்டு பார்க்க அழகு, ஆனா மூட்டை வெச்சா வண்டி படுத்துடும். பாரம் தாங்கணும்னு முன் ஃபோர்க்குக்கு ரெண்டு பக்கமும் தாங்கு கம்பி போட்டுக்கிட்டவங்களும் உண்டு. இதெல்லாம் எந்த விளம்பரமும் சொல்லித் தரலை. சைக்கிள் கடைக்காரரும் சுமை தூக்கினவரும் சேர்ந்து முடிவு பண்ணினது.

கியர் தோத்த கதை சின்னது. பின் சக்கர நடுக்குடத்துக்குள்ளயே மூணு வேகம் வைக்கிற ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் இங்கிலாந்தில் 1902லேயே வந்துடுச்சு. மேடு ஏற அருமையான பொருள். ஆனா தஞ்சாவூர் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 60 மீட்டர். நாகப்பட்டினம் கடற்கரை சுமார் 80 கி.மீ. தள்ளி. கணக்குப் போடுங்க, ஒரு கி.மீ.க்கு ஒரு மீட்டர் சரிவு கூட இல்லை! மேடுன்னு பார்த்தா ஆத்துப் பாலம் ஏறுறது மட்டும்தான், அதுக்கு இறங்கித் தள்ளினா போச்சு. ஆடி மாசம் மேற்கே பார்த்து எதிர்க்காத்தில் மிதிக்கிறவனுக்கு கியர் உதவியிருக்கும், உண்மைதான். ஆனா வருஷத்தில் ரெண்டு மாசக் காத்துக்காக, கெட்டுப்போனா ஊரில் பிரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாத சாமானை யாரு வாங்குவா? ‘ஓவர்ஹால்’ங்கிற சொல்லை ‘ஓவராயில்’னு மாத்தி, கழட்டி எண்ணெய் விட்டு மாட்டுறதுக்கே அழகா பேர் வெச்ச ஊர் நம்முது. அந்தக் கடையில் என்ன பிரிக்க முடியுமோ அதுதான் நிலைக்கும்.

விளக்கு கதைதான் எனக்குப் பிடிச்சது. ராத்திரி விளக்கு இல்லாம போனா போலீஸ் பிடிக்கும். முதலில் மண்ணெண்ணெய் விளக்கு. பள்ளத்தில் விழுந்து எழுந்தா திரி அணைஞ்சிடும். “தொட்டுப் பாருங்கய்யா, இன்னும் சூடா இருக்கு, இப்பத்தான் அணைஞ்சுது”ன்னு தப்பிச்ச கதை உங்க வீட்டுப் பெரியவங்களும் சொல்லியிருப்பாங்க. அப்புறம் டைனமோ வந்தது. 6 வோல்ட், 3 வாட். டயரோட பக்கவாட்டில் உரசி சுத்துற சின்ன உருளை. காகிதத்தில் பிரமாதமான யோசனை, பேட்டரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஆனா ஐப்பசி மழையில் டயர் நனைஞ்சு சேறு ஒட்டினா உருளை வழுக்கும். மிதிக்க கனமா இருக்கும், பின்னாடி மூட்டை இருந்தா கேட்கவே வேண்டாம். எல்லாத்துக்கும் மேல, வண்டி நின்னா வெளிச்சமும் நிக்கும். இருட்டு ரோட்டில் நிக்கிற சைக்கிள்தான் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியணும். சரியா அந்த நேரத்தில் விளக்கு செத்துடும். கொஞ்ச நாளில் டைனமோ கழண்டு பரணுக்குப் போச்சு. போலீஸைப் பார்த்ததும் இறங்கித் தள்ளுற பழக்கம் நிலைச்சது.

கவனிச்சீங்களா, சுமை தூக்குற சாமான் எல்லாம் நின்னுடுச்சு. ஆளைக் காப்பாத்துற சாமான்தான் கழண்டது. இதில் மூணாவதா ஒண்ணு இருக்கு, அது பெரும்பாலான வண்டிகளுக்கு வந்து சேரவே இல்லை: பின் சக்கரத்தின் பக்கவாட்டு மூடி.

1890களில் ஐரோப்பியப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கினப்ப பாவாடை சக்கரத்தில் சிக்கியது. மட்கார்டில் இருந்து சக்கர நடு வரைக்கும் கயிறு வலை பின்னினாங்க. அதுதான் டிரஸ் கார்டு. நம்ம லேடீஸ் சைக்கிளிலும் வலையாவோ பிளாஸ்டிக்காவோ வந்தது. துணியைக் காப்பாத்த வந்த பொருள், அதனால ஆம்பிளை சைக்கிளுக்குத் தேவையில்லைன்னு விட்டாச்சு. ஆனா பிள்ளைகள் உட்கார்ந்து போனது பெரும்பாலும் ஆம்பிளை சைக்கிள் கேரியரில்!

பெரிய சைக்கிளின் பின் சக்கரத்தில் 40 போக்ஸ் கம்பி. ரிம் பக்கத்தில் ரெண்டு கம்பிக்கு நடுவில் சுமார் 5 செ.மீ. இடைவெளி. ஒரு சின்னப் பிள்ளையோட பாதம் நுழையத் தாராளமான இடம். மணிக்கு 12 கி.மீ. வேகம்னா சக்கரம் நொடிக்கு ஒன்றரைச் சுத்து, அதாவது நொடிக்கு 60 கம்பி. கேரியரில் இருக்கிற பிள்ளைக்குக் கால் வைக்க இடம் கிடையாது. தூக்கம் வந்தா கால் உள்ளே சாயும். குதிகால் கம்பிக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் மாட்டும்.

1969ல் அமெரிக்கக் குழந்தைகள் அறுவை சிகிச்சை இதழ் ஒன்றில் இதைப் பத்தி ஒரு கட்டுரை வந்தது. குறைச்சு மதிப்பிடப்படுற ‘சின்ன’க் காயம்னு தலைப்பிலேயே சொல்லிட்டாங்க. அதேதான். முதல் நாள் பார்த்தா தோல் கொஞ்சம் கிழிஞ்சிருக்கும், எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இருக்காது, எல்லாருக்கும் நிம்மதி. ஆனா கம்பி தோலை அடிச் சதையில் இருந்து பிய்ச்சு நசுக்கியிருக்கும். ரெண்டு மூணு நாளில் அந்தத் தோல் கறுத்துச் செத்துப்போகும். சில பிள்ளைகளுக்குக் குதிகால் தசைநாணே வெளியே தெரியும். அப்புறம் ஒட்டுத்தோல், வாரக்கணக்கில் வார்டு.

புதுக்கோட்டை இங்கே முக்கியம். 1974ல் தஞ்சை, திருச்சி மாவட்டங்களில் இருந்து பிரிஞ்ச மாவட்டம், கல்லணைக் கால்வாயின் கடைமடை அறந்தாங்கிப் பக்கம்தான். 90களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, அறிவொளி இயக்கம் எழுத்தோட சைக்கிளும் கத்துக் கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் ஓட்டினாங்க. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஆம்பிளை சைக்கிளே போதும்னு வாங்கினாங்க, சிலர் அதைத்தான் விரும்பியே எடுத்தாங்க. காரணம், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம்னு. பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பதிவு செஞ்சிருக்கார். புடவைக்கு இடைஞ்சல்னு எல்லாரும் நினைச்ச பாரை அந்தப் பெண்கள் குழந்தை சீட்டா பார்த்தாங்க. பாரில் குட்டி சீட்டும் கால் வைக்கக் கம்பியும் மாட்டினா இன்னும் நல்லது. முன் சக்கரத்தில் கால் போகாதான்னா போகும், ஆனா பிள்ளை நம்ம கண்ணு முன்னாடி இருக்கு.

சட்டம் என்ன செஞ்சது? மோட்டார் பைக்குக்கு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123வது விதி: பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாம மூடியிருக்கணும், பின்னால் இருக்கிறவர் துணி சிக்காம இருக்க. நம்ம புடவை கார்டு. இங்கேயும் பேச்சு துணியைப் பத்தித்தான், ஆனா புண்ணியத்துக்குக் காலும் தப்பிக்குது. சைக்கிளுக்கு 2020ல் ரிஃப்ளெக்டர் தர ஆணை வந்தது. நல்லது, வண்டி நின்னாலும் அது மின்னும். சக்கர மூடி பத்தி எதுவும் வரலை. நெதர்லாந்தில் 8 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளையை முதுகு, கை, கால் மூணுக்கும் தாங்கல் உள்ள சீட்டில்தான் ஏத்தணும்.

2001-02ல் தொடங்கி, அப்புறம் எல்லா அரசுப் பள்ளி பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகளுக்கும் விரிஞ்ச இலவச சைக்கிள் திட்டத்தால இன்னிக்கு டெல்டாவில் வீட்டுக்கு வீடு கேரியர் வெச்ச வண்டி இருக்கு. அக்கா ஓட்ட, தம்பி பின்னாடி.

சைக்கிள் கடையில் ‘ரெண்டு பக்கமும் டிரஸ் கார்டு மாட்டுங்க’ன்னு கேளுங்க. கேரியரில் கால் வைக்க ரெண்டு கம்பி பத்த வெச்சுக்கோங்க. மாட்டிக்கிச்சுன்னா காலை இழுக்காதீங்க, சக்கரத்தைப் பின்னாடி சுத்துங்க, இல்லேன்னா கம்பியை வெட்டுங்க. ஓடுற தண்ணியில் கழுவுங்க. மஞ்சத்தூள், காப்பித்தூள், கிரீஸ் எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி, டிடி ஊசி. எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு சொன்னாலும் மூணாம் நாள் பிள்ளையைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க.