நியோன் ஒளியும் நெடுஞ்சாலையின் நினைவும்

ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலே டூக்கம்காரி என்றொரு சிற்றூர் உண்டு. வறண்ட சமவெளியினூடே இரவு முழுதும் வண்டியோட்டி வருவோரின் கண்ணுக்கு அங்கே நீலத் தகைவிலான் குருவியொன்று தென்படும். கண்ணாடிக் குழாயாலான அக்குருவி ‘புளூ சுவாலோ’ என்னும் சிறு மோட்டலின் பெயர்ப்பலகையிலே ஒளிர்வது. அம்மோட்டல் 1993இல் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. கோயிலையும் கோட்டையையும் பேணுவது சரி, வாடகை அறைக்கான விளம்பரத்தையுமா பேணுவது என்று வாசகருட் சிலர் நகைக்கலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம்.

அக்குருவி நிற்பது 66ஆம் இலக்க நெடுஞ்சாலையின் ஓரத்திலே. 1926இல் வகுக்கப்பட்ட அச்சாலை சிக்காகோவிலே தொடங்கிக் கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்கா வரை ஏறத்தாழ 2,400 மைல் நீண்டு கிடந்தது. முப்பதுகளிலே வரட்சியாலும் கடனாலும் நிலமிழந்த ஒக்லஹோமா விவசாயிகள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு மேற்கு நோக்கிப் போனதும் இவ்வழியேதான். ஸ்ரைன்பெக் 1939இல் எழுதிய நாவல் அவர்கள் கதையே. யுத்தம் ஓய்ந்தபின் உல்லாசப் பயணிகள் வந்தனர். வழியோரத்திற் சிறு முதலிட்டு ஒரு குடும்பமே நடத்திய உணவுச்சாலைகளும் விடுதிகளும் பெருகின. விரைந்து செல்லும் வண்டிக்காரனைச் சில கணங்களுக்குள் நிறுத்தியாக வேண்டும். அதற்கு நியோன் கைகொடுத்தது.

நியோன் வாயுவை 1898இல் லண்டனிற் கண்டறிந்தவர்கள் ராம்சேயும் டிராவர்சும். அதனை விளக்காக்கி 1910இல் பாரிஸ் மோட்டார்க் கண்காட்சியிலே காட்டியவர் ஜோர்ஜ் குளோட். இம்மனிதர் பின்னாளில் நாஜிகளுக்குத் துணைபோய், 1945இல் ஆயுட்காலச் சிறைத்தண்டனை பெற்றார் என்பதையும் சொல்லிவைப்போம். அவருடைய அமெரிக்கக் காப்புரிமை 1932இற் காலாவதியானது. அதுவரை பெரும்பணம் கொடுத்து உரிமம் வாங்கியோரே செய்யக்கூடியதாயிருந்த தொழில் அதன்பின் சிறு பட்டறைகளுக்கும் வந்தது. நெடுஞ்சாலை ஒளிமயமானதற்கு ஏகபோகத்தின் முடிவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

அப்பட்டறையின் வேலை இன்றும் கைவேலைதான். எழுத்தின் உருவை முழு அளவில் வரைந்து முன்னே விரித்துக்கொள்வார்கள். கண்ணாடிக் குழாயை நெருப்பிலே உருட்டி உருட்டி இளக்குவார்கள். இளகிய குழாய் வளைவிலே சப்பிப்போகாதிருக்க, அதன் ஒரு முனையிற் பொருத்திய இரப்பர்க் குழாயை வாயிற் கௌவி மெல்ல ஊதிக்கொண்டே வரைபடத்தின்மேல் வளைப்பார்கள். கை ஒரு கணம் பிந்தினால் கண்ணாடி இறுகிவிடும். இரு முனைகளிலும் மின்வாய்களைப் பொருத்தி, உயர் மின்னழுத்தத்தாற் குழாயைச் சூடேற்றி, உள்ளிருக்கும் அழுக்கையும் காற்றையும் உறிஞ்சி அகற்றியபின்பே வாயுவை நிரப்புவார்கள். நியோன் தருவது செம்மஞ்சள் நிறம் ஒன்றே. தகைவிலானின் நீலம் ஆர்கனும் பாதரசமும் சேர்ந்து தருவது. அதனால் இத்தொழிலிலே பாதரச நஞ்சின் ஆபத்தும் உண்டு. இப்படிச் செய்தோர் தம் பெயரை அப்பலகைகளிலே பெரும்பாலும் எழுதியதில்லை. எழுதப்பட்டது முதலாளியின் பெயர்.

1956இன் நெடுஞ்சாலைச் சட்டம் நாற்பத்தோராயிரம் மைல் பெருஞ்சாலைகளுக்கு வழிவகுத்தது. புதுச்சாலை ஊர்களைச் சுற்றிப் போயிற்று. 1985இல் 66 என்னும் இலக்கமே அரச பட்டியலிலிருந்து நீங்கிற்று. உள்ளே குழல்விளக்கு வைத்த பிளாஸ்டிக் பலகைகள் மலிவாய் வந்தன. பழைய குழாய்கள் உடைந்தபடியே தொங்கின. 1999இல் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பயனாகத் தேசியப் பூங்காச் சேவை பழுதுபார்க்க நிதியுதவி வழங்கலாயிற்று. நியூ மெக்சிக்கோவில் மட்டும் 2003ஆம் ஆண்டளவில் ஒன்பது நியோன் பலகைகள் மீண்டும் எரிந்தன. அல்புக்கர்க்கி நகரில் 1937இற் கட்டப்பட்ட ‘எல் வாடோ’ மோட்டல் இடிபடும் நிலையிலிருந்து நகரசபையால் மீட்கப்பட்டு 2018இல் மீளத் திறக்கப்பட்டது.

நல்ல காரியம், ஆனால் எந்த நினைவைப் பேணுகிறோம் என்று கேளாமலிருக்க முடியவில்லை. ‘அறை உண்டு’ என்று ஒளிர்ந்த பலகையின் கீழே கறுப்பின மக்களுக்கு அறை இருந்ததில்லை. எங்கே உண்ணலாம், எங்கே உறங்கலாம் என அவர்களுக்குக் காட்டும் வழிகாட்டி நூலொன்றை விக்ரர் கிரீன் என்ற ஹார்லம் தபாற்காரர் 1936இல் வெளியிடத் தொடங்கியது அதனாலேயே. பொழுது சாய்ந்தபின் அவர்கள் தங்கலாகாதென்ற ஊர்களும் இவ்வழியில் இருந்தன.

எழுபதுகளில் நொடிந்துபோன மோட்டல்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, படுக்கை விரிப்பதும் கழிவறை கழுவுவதும் ஈறாகக் குடும்பத்தோடு உழைத்து நிமிர்த்தியோரிற் பலர் குஜராத்திகள். வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் அவர்களை ஒதுக்கின. அயல் விடுதிக்காரர் ‘அமெரிக்கருக்குச் சொந்தமானது’ என்று பலகை மாட்டினர். பழைய நியோன் பலகைகள் சில எஞ்சியிருப்பதில் அக்குடும்பங்களின் உழைப்புக்கும் பங்குண்டு.

அயலார் மாட்டிய அப்பலகைகளும் நெடுஞ்சாலையின் வரலாறே. தகைவிலானைத் துடைத்து ஒளியேற்றும் கைகள் அவற்றையும் குப்பையிலிருந்து எடுத்துத் தேதி குறித்து அதே சாலையோரத்திலே வைக்கட்டும். பயணி இரண்டையும் ஒருங்கே பார்த்துவிட்டு அறைக்குப் போகலாம்.