ஊவாவின் புகையிரத நிலையங்களும் லயன்களும்: ஒரு வரலாற்று நோக்கு

புகையிரத நிலையத்தைச் சூழ, நடந்து செல்லும் தொலைவினுள், மக்கள் செறிந்து வாழும் குடியிருப்புகள் அமைதல் வேண்டும் என்பது நகர அமைப்பியலாளர் இன்று வற்புறுத்தும் கருத்துகளுள் ஒன்றாகும். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, ஏறத்தாழ 800 மீற்றர், என்னும் அளவு பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. பெருநகரங்களின் புறநகர்களை மனங்கொண்டு எழுந்த இக்கருத்தை ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களோடு இணைத்து நோக்குவது முதற்பார்வையிற் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயின் ஊவா மலைச்சரிவில் புகையிரதப் பாதையும் உண்டு. மிகச் செறிந்த குடியிருப்புகளும் உண்டு. நூறாண்டுகளுக்கு மேலாக ஒரே மலையில் இருந்தும் இவ்விரண்டும் ஒன்றையொன்று சேராமைக்குரிய காரணங்கள் யாவை என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

மலைநாட்டுப் பாதை 1867இல் கண்டியையும் 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட, அவ்விடத்தைத் தேயிலை நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1894இல் பாதை பண்டாரவளையைத் தொட்டது. தேயிலைப் பெட்டி துறைமுகத்தை விரைந்தும் மலிவாகவும் சென்றடைய வேண்டும் என்பதே தோட்ட முதலாளிகளின் கோரிக்கை. பாதையின் போக்கைத் தீர்மானித்தது அக்கோரிக்கையே எனலாம்.

பண்டாரவளையிலிருந்து பதுளைக்குச் செல்ல மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. பட்டிப்பொலவுக்கு அப்பால் ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தைத் தொடும் பாதை பதுளையில் 700 மீற்றருக்கும் கீழே இறங்குகின்றது. இவ்விறக்கத்தைச் சமாளிக்கத் தெமோதரையிற் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்துவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்லுமாறு அமைக்கப்பட்டது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலமும் இக்கட்டப் பணியைச் சேர்ந்ததே. 1924இல் முதற் புகையிரதம் பதுளையை அடைந்தது. தேயிலைப் பெட்டி மலையிறங்குவதற்கு இத்துணை நுட்பம் செலவிடப்பட்டது. அப்பெட்டியை நிரப்பியவர் நிலையத்தை எவ்வாறு வந்தடைவர் என்பது எந்த வரைபடத்துக்கும் உரிய பொருளாகவில்லை.

இதனால் நிலையங்கள் நகரை உருவாக்கவில்லை என்று கூறிவிட முடியாது. முப்பது ஆண்டுகள் பாதையின் முடிவிடமாக விளங்கியமை பண்டாரவளையின் வளர்ச்சிக்கு ஒரு முக்கிய காரணம். அங்கு நிலையமும் கடைத்தெருவும் விடுதியும் சில நிமிட நடைக்குள் அடங்குகின்றன. அப்புத்தளையோ மலைமுகட்டின் ஒடுங்கிய இடைவெளியில் அமைந்தது. புகையிரதத்தில் வந்திறங்குபவர் இறங்கிய மறுகணமே கடைத்தெருவில் நிற்பார். பழைய நிருவாக நகரமான பதுளையில் மட்டும், பாதை பிந்தி வந்தமையால், நிலையம் நகரின் விளிம்போடு நின்றுவிட்டது. இன்றைய அமைப்பியலாளர் எவரும் வரைந்து கொடாமலே அவர் விரும்பும் சிறுநகர் அப்புத்தளையில் அமைந்துவிட்டது. ஆனால் அந்நகரிற் குடியிருந்தோர் வணிகரும் எழுதுவினைஞரும் அரச ஊழியருமே. சூழவுள்ள மலைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளருக்கு நகர் என்பது சம்பள நாளுக்குப் பின் வந்து, மாலைக்குள் திரும்பிச் செல்லும் இடம்.

லயன்களை இவ்விடத்தில் ஊன்றி நோக்குதல் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய நீண்ட வரிசையாய் அமைந்தன. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், சில வேளை இரு குடும்பம். செறிவு ஒன்றே அளவுகோலாயின் இதனினும் செறிந்த குடியிருப்பை நாட்டுப்புறத்திற் காண்பதரிது. நடைத்தொலைவு ஒன்றே அளவுகோலாயினும் குறை கூறுவதற்கில்லை: அதிகாலைத் தப்பொலி கேட்டதும் பிரட்டுக்களத்துக்குச் செல்லவும், அங்கிருந்து கொழுந்து மலைக்கு ஏறவும் வசதியாகவே லயன்கள் அமைந்தன. வேலைத்தலத்துக்கு நடந்து செல்லலாம். வேறெங்கும் எளிதில் நடந்து செல்ல இயலாது. கடை, மேல்வகுப்புப் பாடசாலை, நீதிமன்றம், அயற்றோட்டத்து வேலை ஆகிய அனைத்தும் மலைக்கு அப்பால். கங்காணியின் கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டத்துக்குச் செல்லவொண்ணாது தடுத்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. துண்டு செய்த வேலையிற் பெரும்பகுதியைத் தொலைவு தொடர்ந்து செய்தது.

அதே காலத்துச் சென்னையை ஒப்புநோக்குவது பயனுடைத்து. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து மாம்பலம் நிலையத்தை அடுத்துத் தியாகராய நகர் உருவாயிற்று. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியதும், நிலையத்தருகே வீடு, நகரில் வேலை என்னும் வாழ்க்கை நடுத்தர வகுப்பினருக்கு வாய்த்தது. இலங்கையிலும் 1915இல் வீடமைப்பு, நகர மேம்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1921இல் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கு ஓர் அறிக்கை வரைந்தார். அவரது பார்வை தலைநகரைப் பற்றியது. தோட்டமோ நகருமன்று, கிராமமுமன்று, துரையின் தனியுடைமை.

தொழிலாளர் புகையிரதத்தையே அறியார் என்பதன்று. 1914இல் தலைமன்னார்ப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் தொடங்கிய பின்னர், மன்னார்க் காட்டுவழி நடையில் மடிந்தோரின் வழித்தோன்றல்களும் உறவினரும் கோச்சியிலேயே மலையேறினர். 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்தனர். தோட்டம் முழுவதும் திரண்டு நிலையத்துக்கு நடந்தது அப்பொழுதுதான், வழியனுப்ப.

எஞ்சியோரையும் சட்டம் நகரிலிருந்து விலக்கியே வைத்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. சபைக்கு வாக்களித்தவர் தம் லயனிலிருந்து கடைவீதிக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடுமாறு அச்சபையைக் கேட்க இயலவில்லை, பாதை தோட்டத்துக்குரியது. இத்தடை 2018இலேயே திருத்தப்பட்டது. மற்றொன்றையும் மறைத்தலாகாது. 1983 ஜூலையிற் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. நகரண்மை என்பதை நடைத்தொலைவாக மட்டும் அளக்கும் கணக்கு இவ்வச்சத்தை அறியாது.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், மக்கள் பெயர்ந்து செல்வதற்கு வேறிடம் இருக்கவில்லை. உயிர் தப்பியோர்க்கு 2016இற் கையளிக்கப்பட்ட புதிய வீடுகளும் தோட்டக் காணியிலேயே அமைந்தன. 2015இன் பின்னர் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. லயனிலிருந்து விடுதலையும் காணிக்கு உறுதியும் எவ்வகையிலும் வரவேற்கத்தக்கன. எனினும் அவ்வீடு எங்கே அமைகின்றது என்பது, தோட்ட நிருவாகம் எத்துண்டு நிலத்தை விடுவிக்கச் சம்மதிக்கின்றது என்பதைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகின்றது. பண்டாரவளையிற் கடையிலும், பதுளையில் அலுவலகத்திலும் வேலை தேடும் இளந்தலைமுறையினருக்குப் பிரட்டுக்களத்தருகே கட்டப்படும் வீடு எவ்வளவு பயன்தரும்? கொழுந்து பறிக்கும் தாய்க்கோ நிலையத்தருகே வீடு கிடைப்பின் மலை தொலைவாகிவிடும். ஒரே குடும்பத்துள் இரு தேவைகள் முரண்படுகின்றன. இதனை வெறும் வீட்டு எண்ணிக்கையாற் தீர்க்கவொண்ணாது.

1970களிற் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்கள் 1992இற் கம்பனிகளின் கைக்கு மாறிய போதும், நிலம் விற்கப்படவில்லை; 53 ஆண்டுக் குத்தகைக்கே கொடுக்கப்பட்டது. அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை ஆகிய நிலையங்களைச் சூழவுள்ள தேயிலை மலைகளில் இக்குத்தகைக்கு உட்பட்டவை எவை, அவற்றுட் சரிவு அபாயமற்றவை எவை என வரைபடத்திற் குறித்துக் காட்டும் ஆய்வை நம் பல்கலைக்கழக மாணவரே மேற்கொள்ளலாம். குத்தகை 2045இல் முடிவடைகின்றது.