நெஃபலின் போன வழி

ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில், துருவ வட்டத்துக்கும் வடக்கே ஹிபினி மலைகள் இருக்கின்றன. 1929 வாக்கில் அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது அப்படைட்டுக்காக. பாஸ்பேட் உரத்துக்கு அதுதான் மூலப்பொருள். அதே பாறையில் கலந்திருந்த சாம்பல் நிற நெஃபலினை யாரும் தேடிப் போகவில்லை. பாறையை மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டு அப்படைட்டைப் பிரித்த பிறகு, நெஃபலின் கழிவோடு போய்க் குவிந்தது.

அந்தக் குவியலில் அலுமினியத்துக்கு மூலமான அலுமினா இருந்தது. ஆனால் சுத்தப்படுத்திய நெஃபலினிலேயே அது சுமார் 28 சதவீதம்தான். சிலிக்காவோ 40 சதவீதத்துக்கும் மேல். வழக்கமான அலுமினியத் தாதுவான பாக்சைட்டைப் போலக் காரச்சோடாவில் கரைக்கப் போனால், சிலிக்கா சோடாவையும் அலுமினாவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வண்டலாக இறங்கிவிடும்.

சிலிக்காவைக் கட்டிப்போட சோவியத் வேதியியலாளர்கள் கையில் எடுத்தது சுண்ணாம்புக்கல். நெஃபலின் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் தெற்கே வந்து, லெனின்கிராட் பகுதியின் பிகல்யோவோ ஊரில் இறங்கியது. சுண்ணாம்புக்கல் கிடைக்கும் அந்த ஊரில் 1959-இல் அலுமினா ஆலை ஓடத் தொடங்கியது. இரண்டையும் அரைத்துக் கலந்து, சுழலும் சூளையில் 1,300 டிகிரி வரை சுடுவார்கள். சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்துவிடும். அலுமினா கரையக்கூடிய உப்பாக மாறும். அந்தக் கரைசலுக்குள் சூளைப் புகையிலிருக்கும் கரியமில வாயுவையே செலுத்தினால் அலுமினியம் ஹைட்ராக்சைடு படியும். அதைச் சுட்டால் வெள்ளை வெளேரென்று அலுமினா.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மிச்சத்தின் கதை. வடிந்த கரைசலிலிருந்து சோடாவும் பொட்டாஷும் கிடைக்கின்றன. சுண்ணாம்புச் சேறு சிமென்ட் ஆகிறது. ஒரு டன் அலுமினாவுக்கு ஏறக்குறைய நான்கு டன் நெஃபலின் வேண்டும். கூடவே பத்து டன்னை ஒட்டி சிமென்ட் வந்துவிடும். எரிபொருள் நிறையத் தின்னும் முறைதான். மிச்சமெல்லாம் விற்றால்தான் கட்டுப்படியாகும்.

சோவியத் யூனியன் போனபின் அலுமினா, சிமென்ட், சோடா ஆலைகள் மூன்று முதலாளிகளிடம் பிரிந்தன. விலைத் தகராறிலும் பொருளாதார நெருக்கடியிலும் மூன்றும் நின்றன. ஊருக்கு வெந்நீர்கூட நின்றுபோனது. 2009 ஜூன் 2 அன்று மக்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். இரண்டே நாளில் பிரதமர் புதின் நேரில் வந்து, முதலாளிகளை உட்காரவைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். அதன் பிறகே நெஃபலின் மறுபடி வந்தது.

நிலக்கரிச் சாம்பலிலும், பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுத்தபின் மிஞ்சும் செஞ்சேற்றிலும் அலுமினா இருக்கிறது என்று இன்று பலரும் திட்டம் போடுகிறார்கள். இருப்பது உண்மை. அப்படியொரு திட்டம் உங்கள் ஊருக்கு வந்தால், மிச்சத்தை வாங்கப்போவது யார் என்பதை முதலில் கேளுங்கள்.